முத்துக்குளிப்பில் கயிறும் கடனும்

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பெரும்பயணி இப்னு பதூதா, வளைகுடாவின் முத்துக்குளிப்பைத் தமது 'ரிஹ்லா'வில் விவரித்துள்ளார். ஆமையோட்டுக் கவ்வியால் மூக்கை இறுக்கி, இடுப்பில் கயிறு கட்டி மூழ்குவர், மூச்சுத் திணறினால் கயிற்றை அசைப்பர், பிடித்திருப்பவர் இழுத்தெடுப்பார். சிலர் நீருக்குள் ஒரு 'ஸாஅத்', இரண்டு 'ஸாஅத்' பொறுத்திருப்பர் என அவர் எழுதியதை மணிக்கணக்காகக் கொண்டு நகைப்பாருண்டு. பழைய அரபியில் அச்சொல் சிறுபொழுதையும் குறிக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பிற்காலத்தார் கண்டெழுதியபடி, மூழ்கியிருந்த நேரம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நிமிடமே.

ஆக, மூழ்குபவரின் ('கைஸ்') உயிர் கயிறு பிடிப்பவரின் ('ஸைப்') கையில் இருந்தது. அந்தக் கை ஒரே நாளில் பழகிவிடவில்லை. படகேறும் சிறுவன் 'தப்பாப்' எனப்பட்டான். பரிமாறுதல், ஏவல் செய்தல் அவன் வேலை. சற்று வளர்ந்து 'ரளீஃப்' ஆனால் ஸைபுக்குத் துணை நிற்பான். ஏடில்லா மத்ரஸா அது. கயிற்றின் அசைவை உணர்வதே பாடம். குவைத் வழக்கில் கைஸுக்கு மூன்று பங்கு, ஸைபுக்கு இரண்டு, ரளீஃபுக்கு ஒன்று. உயிர்காவலுக்கும் கூலியில் இடமளித்த ஏற்பாடு இது.

நம் மன்னார்க் கடலிலும் இதே முறைதான். கீழக்கரை முஸ்லிம்கள் விரலால் மூக்கைப் பிடித்து மூழ்க, இலங்கைக்கு வந்த அரபிகள் கவ்வி அணிந்தனர்.

ஆனால் கயிறு காத்ததைக் கடன் கெடுத்தது. வணிகர்கள் கடனுக்கு ஈடாக முத்தை எடுத்துக்கொண்டதை இப்னு பதூதாவே அதே இடத்தில் பதிவுசெய்கிறார். பிற்காலத்தில் நகுதா எனும் படகுத் தலைவர் பருவத்திற்கு முன்பே முன்பணம் தந்து ஆளைக் கட்டிப்போட்டார். செவிப்பறை கிழிந்தவரும் "இன்று இறங்கேன்" என்று சொல்ல இயலவில்லை. தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழுந்தது. மகனும் கடலில் இறங்கினான். ஃபிக்ஹின் தீர்ப்போ தெளிவானது: கடன் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்படும், சொத்து இல்லையேல் வாரிசின் கைப்பொருள்மீது கடமையாகாது. முஸ்லிம்கள் நிரம்பிய படகுகளில் ஊர் வழக்கம் ஷரீஅத்தை வென்றது கசப்பான உண்மை.

பஹ்ரைனில் 1920களின் சீர்திருத்தம் ஒவ்வொருவருக்கும் கணக்குப் புத்தகம் வழங்கியது. குவைத்தில் முத்துக்குளிப்போர் சட்டம் 1940இல்தான் வந்தது. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைச் சாய்த்துவிட்டது. புர்கானில் 1938இலேயே எண்ணெய் கண்டெடுக்கப்பட்டிருந்தது.