இலை மேல் ஒன்று, பட்டை மேல் ஒன்று

டோலிகோபோடிடே என்ற நீள்கால் ஈக் குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் காண்டிலோஸ்டைலஸ், மெடெடெரா என்னும் இரு பேரினங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மெல்லுடல் கொண்ட சிறு உயிர்களைப் பிடித்து நசுக்கிச் சாறு குடிப்பவை. ஒற்றுமை ஏறக்குறைய அத்தோடு சரி.

காண்டிலோஸ்டைலஸ் பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரியது. பச்சையும் பொன்னுமாக மின்னும் உடல். பல இனங்களுக்குச் சிறகில் கரும்பட்டை. வெயில் விழும் இலை மேல் நின்று அசுவினிக்காகக் காத்திருக்கும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பவர்களை இது படுத்தும் பாடு கொஞ்சமல்ல: ஒளி பட்ட சில மில்லி நொடிகளில் எழும்பிவிடும். ஆனால் அதன் புழு ஈர மண்ணில் வளர்கிறது. அந்த வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம்.

மெடெடெராவில் நிலைமை தலைகீழ். பார்வைக்குச் சாம்பல் நிறம், பட்டையோடு பட்டையாக மறைந்துவிடும். மரத்தில் செங்குத்தாக, தலை மேலே இருக்க, முன்கால்களை ஊன்றி உடலைப் பின்னால் சாய்த்து நிற்கும். அந்த நிலையால்தான் ஆங்கிலம் பேசுவோர் இதை மரங்கொத்தி ஈ என்கிறார்கள். ஆய்வாளர்கள் துரத்துவது இதன் புழுவைத்தான். ஊசியிலைக் காடுகளில் பட்டை வண்டுகள் ஒரு மரத்தைத் துளைக்கும்போது, தம் இனத்தைக் கூப்பிட ஒரு வாசனையை விடுகின்றன. அந்த அழைப்பை ஈயும் மோப்பம் பிடித்து வந்து, பட்டை வெடிப்புகளில் முட்டையிடுகிறது. வெளிவரும் காலில்லாப் புழு உள்ளே நுழைந்து, வண்டு குடைந்த பாதைகளிலேயே ஊர்ந்து, அதன் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாய்க்கொக்கியால் குத்தித் தின்கிறது. வண்டு போட்ட பாதையே அதன் பிள்ளைகளுக்கு எமனாகிறது!

2018 வறட்சிக்குப் பின் ஜெர்மனி, செக் நாட்டு ஸ்புரூஸ் காடுகளைப் பட்டை வண்டு சூறையாடியதை ஈயால் தடுக்க முடியவில்லை. வறட்சியில் நலிந்த மரங்கள் ஏராளம், வண்டுகளும் பெருகிவிட்டன. அதற்காக ஈயைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. அழகுப் போட்டியில் தோற்றாலும், காட்டுக்குப் பயன்படும் ஈ மெடெடெராதான் என்பேன். பல மெடெடெரா இனங்கள் குளிர்காலத்தைப் புழுவாகப் பட்டைக்குள்ளேயே கழிக்கின்றன. வண்டு கிளம்பிப் போன பிறகு பட்ட மரத்தை வெட்டி அகற்றினால், போவது வண்டல்ல, அதைத் தின்ற ஈ. அத்தகைய மரங்களை விட்டுவைப்பதே சரி.