மொரிஸ் மைனருக்குள் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: கொழும்பின் பழைய கார்களும் அவற்றைக் கைவிடாதவர்களும்

கொழும்பில் பழைய கார் பற்றிப் பேச்சு எழுந்தால் அது கடைசியில் பஞ்சிகாவத்தையில்தான் போய் நிற்கும். இரவில் களவு போன காரை விடிந்ததும் பஞ்சிகாவத்தையில் துண்டு துண்டாகத் திருப்பி வாங்கலாம் என்று ஒரு பழைய பகிடி இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்களில் குறைவு. ஆனால் மருதானைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிரித்தானியாவில் எப்போதோ உற்பத்தி நின்றுபோன கார்கள் எங்கள் ஊரில் இன்னும் ஓடுகின்றன என்றால், அதில் அந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வீட்டில் புதிய ஹைபிரிட் கார் நிற்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்காரர் துணி மூடியை விலக்கி, அறுபது வருடப் பழைய எம்.ஜி. காரையோ மொரிஸ் மைனரையோ துடைத்துக்கொண்டிருப்பார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களனிப் பக்கத்திலும் இப்படியானவர்களை நாங்கள் பார்க்கிறோம். "இவருக்கென்ன விசரா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்தில் கார் என்பது தோட்டத்துரைமாரினதும் கொழும்புப் பணக்காரரினதும் பொருள். வேகப் போட்டிகளும் அவர்களோடுதான் வந்தன. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1930களிலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் மாத நுவரெலியாக் கொண்டாட்டத்தில் அதற்கு இன்றும் இடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்த கட்டுக்குருந்தை ஓடுபாதை, பிற்காலத்தில் கார்ப் பந்தயக் களமாக மாறியது.

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் எம்.ஜி. ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொரிஸ் நடத்திய 'மொரிஸ் கராஜஸ்' என்ற வியாபாரத்தின் முதலெழுத்துகள்தான் அவை. அதன் முகாமையாளர் செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, உடலை மாற்றி, எஞ்சினைக் கூர்மையாக்கி விற்றார். 1929 முதல் அபிங்டன் என்ற சிற்றூரில் அதற்கெனத் தொழிற்சாலை இயங்கியது. சாதாரணக் காரின் பாகத்திலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

1952இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒன்றாக இணைந்து பி.எம்.சி. என்ற பெரிய கம்பனி உருவானது. செலவைக் குறைக்க, ஒரே எஞ்சினைப் பல கார்களில் போட்டார்கள். 'ஏ' வரிசை என்ற சிறிய எஞ்சின் மொரிஸ் மைனருக்கு வந்தது. 1956இல் அது 948 சீ.சீ. ஆனது. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 948 சீ.சீ. எஞ்சின்தான். பொனட்டின் மேல் துருத்திக்கொண்டு நின்ற விளக்குகளால் அதற்குத் தவளைக்கண் என்று பெயர். 1959இல் வந்த மினியிலும், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டிலும் அதே குடும்பத்து எஞ்சின். 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் மொன்டி கார்லோ ராலியை வென்ற மினி கூப்பரின் வயிற்றிலும் அதே பரம்பரைதான் இருந்தது.

'பி' வரிசை என்ற பெரிய எஞ்சினுக்கும் இதே கதை. எங்கள் வாப்பாமார் காலத்தில் மதிப்பான குடும்பக் கார் என்றால் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். அதன் ஏ55 மொடலின் 1489 சீ.சீ. எஞ்சின்தான் 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. 1961இல் கேம்பிரிட்ஜ் ஏ60 மொடலும் எம்.ஜி.ஏ.யின் கடைசி மொடலும் ஒன்றாக 1622 சீ.சீ.க்கு மாறின. ஸ்போர்ட்ஸ் காரில் கார்புரேட்டர்கள் இரண்டு, சுருதி கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்தியாவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரும் நெடுங்காலம் இந்த 1489 சீ.சீ. எஞ்சினில்தான் ஓடியது.

இதன் பலன் என்ன? கொழும்பில் டெக்சியாக ஓடிய மொரிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு கராஜ் பாஸுக்கு, ஸ்ப்ரைட்டின் எஞ்சினும் தெரிந்ததுதான். கேம்பிரிட்ஜுக்கு வால்வு அரைத்தவர் எம்.ஜி.ஏ.க்கும் அரைப்பார். பணக்காரரின் விளையாட்டுக் காரும் நடுத்தரக் குடும்பத்தின் காரும் ஒரே பட்டறையில், ஒரே கையால் உயிர் பெற்றன.

அடுத்தது கதவு மூடிய காலம். 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி குறையத் தொடங்க, 1960களின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரை அது உச்சத்துக்குப் போனது. புதிய கார் என்பது சாமானியருக்குக் கனவு. இருக்கிற காரை ஓட்டியே ஆக வேண்டும். பாகம் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்தார்கள், ஈயம் ஊற்றி வார்த்தார்கள், ஒரு காரின் பாகத்தை இன்னொரு காருக்கு வெட்டிப் பொருத்தினார்கள். பழைய காரின் மீது எங்கள் ஊரார் காட்டும் விசுவாசத்தின் முதல் வேர் இந்தத் தட்டுப்பாடுதான். ஆசை பிறகுதான் வந்தது.

அந்தத் தட்டுப்பாடு வளர்த்த கைகளுக்கு ஒரு நாள் வெளிநாட்டு மரியாதையும் கிடைத்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்தியவர் சார்ள்ஸ் வெயார். காரை வாங்கி எறியாமல் திருத்தித் திருத்திக் காலமெல்லாம் ஓட்டலாம், அதுவே சிக்கனம் என்று பிடிவாதமாகச் சொன்ன மனிதர். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து இங்கே 'டியூரபிள் கார் கம்பனி' என்ற தொழிலகத்தை ஆரம்பித்தார். மொரிஸ் மைனருக்குரிய உடற்தகடுகள் இங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. எங்களுக்குக் காரை விற்ற நாடு, அந்தக் காரைக் காப்பாற்ற எங்களிடம் தகடு வாங்கியது! இந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

சரி, "பழையதுதான் அசல்" என்ற வாதத்துக்கு வருவோம். இந்த வாதம் இன்று நேற்று வந்ததல்ல. போருக்குப் பின் 1945இல் வந்த எம்.ஜி. டி.சி. கம்பிச் சக்கரங்களோடு அழகாக இருக்கும். 1949இல் வந்த டி.டி. தட்டையான இரும்புச் சக்கரங்களோடும் மென்மையான ஓட்டத்தோடும் வந்தபோது, "இது எம்.ஜி.யா?" என்று பழைய பிரியர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அதே டி.டி.யைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். 1962இல் எம்.ஜி.பி. வந்தது. 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்காக அதற்குக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரின் உயரத்தையும் கூட்டியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மொடலை வாங்கி, ரப்பரைக் கழற்றி, குரோம் பம்பர் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜேர்மனியின் போர்ஷே 911க்கும் இதுவே நடந்தது. 1963 முதல் காற்றால் குளிரூட்டப்பட்ட அதன் எஞ்சின் 1990களின் கடைசியில் தண்ணீருக்கு மாறியபோது, பழைய பிரியர்கள் அதை மன்னிக்கப் பல வருடம் எடுத்தது.

எம்.ஜி.யின் பெயருக்கு நடந்தது இன்னும் பெரியது. அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. பல கை மாறிய கம்பனி 2005இல் வங்குரோத்தானது. பெயரைச் சீனக் கம்பனி ஒன்று வாங்கியது. இன்று எங்கள் வீதிகளில் ஓடும் எம்.ஜி. இசட்.எஸ். காரிலும் அதே எண்கோணச் சின்னம் இருக்கிறது. ஆனால் பழைய எம்.ஜி.காரரிடம் போய் "உங்கள் கம்பனியின் புதுக் கார் வந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அவருடைய விசுவாசம் சின்னத்துக்கு உரியதல்ல என்பது அப்போது விளங்கும். தன் கைக்கும் தன் பாஸின் கைக்கும் அகப்படும் ஒரு இயந்திரத்துக்குத்தான் அவர் விசுவாசமாக இருக்கிறார். சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். ஒரு ஸ்பேனர் பெட்டி இருந்தால் வழியில் நின்றாலும் வீடு வந்து சேரலாம்.

இது கிழவர்களின் நோய் மட்டுமல்ல. 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. அன்று அவற்றைத் "தகரப் பேணி" என்று ஒஸ்டின்காரர் ஏளனம் செய்தார்கள். இன்று 'லான்சர் பொக்ஸ்' வைத்திருப்பவரிடம் விலை கேட்டால் முறைப்பார். எங்கள் இளைஞர்கள் ஹொண்டா சிவிக் காரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. ஈ.ஜி.8, ஈ.கே.3 என்று மொடல் இலக்கத்தைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் திருத்தக் கற்ற காரையே கடைசி நல்ல கார் என்று நம்புகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொரிஸ் மைனரில் காற்றுப் பை இல்லை. விபத்தில் புதிய கார் காப்பாற்றும் உயிரைப் பழைய கார் காப்பாற்றாது. புகையும் கூட. 2022இல் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில், ஹைபிரிட் வைத்திருந்தவர் நிம்மதியாக இருந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போகப் புதிய கார்தான் நல்லது. அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் அதே நெருக்கடி இன்னொன்றையும் காட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடம் நாடே பழைய வாகனங்களில் ஓடியது. அம்புலன்ஸ் முதல் பள்ளிக்கூட வேன் வரை ஓட வைத்தவர்கள் யார்? கராஜ் பாஸ்மாரும் டிங்கர் பாஸ்மாரும் லேத் காரர்களும் பஞ்சிகாவத்தை வியாபாரிகளும்தான். 1960களில் கற்ற வித்தை 2020களில் நாட்டுக்குக் கைகொடுத்தது.

அந்த வித்தை இப்போது எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கவலை. புதிய கார்களில் பெரும்பாலான கோளாறுகளுக்குக் கணினியைச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழுதான பாகத்தைத் திருத்துவதில்லை, முழுதாகக் கழற்றி மாற்றுகிறார்கள். பழைய பாஸ்மார் ஒவ்வொருவராக ஓய்வெடுக்கிறார்கள். அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. போதாக்குறைக்கு "படிப்பு ஏறாவிட்டால் கராஜுக்குப் போ" என்று பிள்ளையை மிரட்டும் பேச்சு எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்துக்குத் தகடு செய்து அனுப்பிய கைகளைத் தண்டனையாகக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஒரு பழைய பாஸ் இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை ஒரு பின்னேரம் அவரிடம் அனுப்புங்கள். கார்புரேட்டரை எப்படிச் சரிசெய்தார், இல்லாத பாகத்தை எதிலிருந்து செய்தார் என்று கேட்டு, தொலைபேசியில் பதிவு செய்யட்டும். ஓ.எல். முடித்து வாகனத் தொழிலில் ஆசை உள்ள பிள்ளைகள் இருந்தால், நைட்டா போன்ற அரச நிறுவனங்களின் பயிலுநர் பயிற்சி பற்றி விசாரியுங்கள். கணினி பார்க்கவும் தெரிந்து, காதால் எஞ்சின் கேட்கவும் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் வேலை இருக்கும். பாஸ்மாருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.