சட்டநூற் பேழையில் மட்டக்களப்பு

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். இவ்விரு கரைகளிலும் நிலவிய நீதிமுறையை ஆராயப் புகும் ஓரறிஞன், சட்டநூல்களும் குற்றவியல் நூல்களும் அடங்கிய நூல்நிலையம் ஒன்றைத் தன் இல்லத்திலே அமைக்க விரும்புவானாயின், அவன் எந்நூல்களைத் தேடல் வேண்டும்? யாழ்ப்பாணத்தவரின் வழமையை அறிய விரும்புவார்க்குத் தேசவழமை என ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். கண்டிச் சட்டத்தை அறிய விரும்புவார்க்கும் தொயிலி, சோயர்ஸ், ஆமர் முதலிய ஆங்கில உத்தியோகத்தர் தொகுத்துவைத்த குறிப்புகள் உள. மட்டக்களப்புக்கெனச் சொல்லக்கூடிய சட்டநூலோ ஒன்றே. அதுவும் சிறு நூல். அந்நூல் அச்சேறிய ஆண்டிலேயே அது கூறும் சட்டம் வழக்கொழிந்தது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட செய்தியாகும்.

அதற்குமுன், அப்பேழையின் பெரும்பகுதியை நிரப்பக்கூடிய குற்றவியல் நூல்களைச் சிறிது நோக்குவோம். 1638ஆம் ஆண்டிலே புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் ஆட்சி நிலைத்த இடங்களிலெல்லாம் தம் நாட்டுச் சட்டத்தையும் உடன்கொண்டு வந்தனர். உரோம ஒல்லாந்தச் சட்டம் என்று இன்று வழங்கும் அச்சட்டத்தில் குற்றமும் தண்டனையும் பற்றிய பகுதிக்குப் பெரும் பிரமாணமாயிருந்தது, 1644ஆம் ஆண்டிலே மத்தேயுசு என்பார் இலத்தீனில் வெளியிட்ட குற்றங்கள் பற்றிய நூல். வாவிக்கரையிலே நெல் விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஒருவன் மன்றேறி நிற்குமிடத்து, அவன் குற்றத்தை அளக்கும் கோல் அவனுக்கு மட்டுமன்றி அவனூர் முழுவதற்கும் தெரியாத மொழியில் இருந்தது. ஆங்கிலேயர் 1795இல் மட்டக்களப்பைக் கைப்பற்றிய பின்னரும் இந்நிலை உடனே மாறிற்றிலது. தேசாதிபதி நோர்த் 1799இல் வெளியிட்ட பிரகடனம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடர்ந்து நடைபெறும் என்றது. ஆயினும், சித்திரவதை செய்து உண்மை வரவழைத்தலையும் உறுப்பைச் சிதைக்கும் கொடுந்தண்டனைகளையும் அப்பிரகடனம் ஒழித்தமை போற்றத்தக்கது.

இந்நாட்டுக் குற்றவியற் சட்டம் ஒரே நூலாக அமைந்தது 1883ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிறைவேறிய தண்டனைச் சட்டக்கோவை, 1885ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. மெக்காலே பிரபு 1837இல் வரைந்து, இந்தியாவில் 1860இல் சட்டமான கோவையே இதற்கு மூலம். இங்கே ஒரு புதுமையைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. தாய்க்கோவையாகிய இந்தியத் தண்டனைச் சட்டம் 2024ஆம் ஆண்டு ஆடித்திங்கள் முதலாந் திகதி தன் இடத்தைப் புதுச்சட்டத்துக்கு விட்டு விலகிவிட்டது. சேய்க்கோவையோ இலங்கையில் இன்றும் உயிரோடிருக்கின்றது. மெக்காலேயின் சட்டமொழியை நடைமுறையிற் காண விரும்புவார்க்கு இந்நாட்டு நீதிமன்றங்கள் இன்னும் இடந்தருகின்றன.

இவற்றோடு, மரணதண்டனை பற்றி ஆராய்ந்த நோர்வல் மொரிஸ் ஆணைக்குழு 1959இல் அளித்த அறிக்கை, பொலிஸ் படையின் வரலாறு கூறும் பிப்பெற், தெப் ஆகியோரின் நூல்கள், ஆங்கிலேயர் காலத்துக் குற்றங்களைச் சமூகநிலையோடு இயைத்து ஆராய்ந்த யோன் றொஜேர்சின் 1987ஆம் ஆண்டு நூல் ஆகியனவும் அப்பேழையில் இடம்பெறல் வேண்டும். இவை யாவும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. மட்டக்களப்பாரின் நீதியுணர்வை அறிதற்கு இவை போதா.

ஒல்லாந்த தேசாதிபதி சீமோன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத் திசாவையாகப் பணிபுரிந்த கிளாஸ் ஈசாக்ஸ் அங்குள்ளாரின் வழமைகளைத் தொகுத்தெழுதினார். அத்தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பெற்று, பன்னிரு முதலிமாரால் ஆராய்ந்து ஒப்புக்கொள்ளப்பெற்று, 1707இல் சட்டமாயிற்று. ஆங்கிலேயர் 1806இல் அதனை உறுதிசெய்தனர். அவ்வாண்டிலேயே முஸ்லிம்களின் வழியுரிமை பற்றிய தொகுப்பொன்றும் சட்டவலிமை பெற்றது. 1862இல் முத்துக்கிருஷ்ணா தேசவழமையை வழக்குத் தீர்ப்புகளோடு பதிப்பித்தார். இவ்வாறு யாழ்ப்பாண வழமை ஏடாகவும் அச்சாகவும் அடுத்தடுத்து உருப்பெற்று வருங்காலத்து, மட்டக்களப்பு வழமை போடியாரின் நினைவிலும் கோயில் வண்ணக்கரின் வாயிலும் மாத்திரமே இருந்தது.

அவ்வழமையின் உயிர்நிலை தாய்வழிக் குடி. ஒருவன் தன் தந்தையின் குடியைச் சேர்ந்தவன் அல்லன். தாயின் குடியைச் சேர்ந்தவன். காலிங்கா குடி, படையாண்ட குடி, உலகிப்போடி குடி என வழங்கும் பெயர்களெல்லாம் தாய்வயிற்று வழியாகவே தொடர்ந்து வருவன. ஒரே குடிக்குள் மணம் செய்தல் ஆகாது. கோயிலிலே எக்குடியார்க்கு எந்நாட் பூசை, எக்குடியார்க்கு வண்ணக்கர் பதவி என்பனவும் இக்கணக்கின்படியே வகுக்கப்பெற்றன. வாவிக்கரையில் வாழும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிகள் உள. பள்ளிவாசல் மரைக்காயர் குடிக்கு ஒருவராகத் தெரிவுசெய்யப்பெற்றனர். இருசாராரும் ஒரே நிலத்தில் நெடுங்காலம் அயலவராய் வாழ்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சொத்துரிமையும் இக்குடிவழியையே பற்றி நின்றது. முன்னோரிடமிருந்து வந்த பொருள் முதுசொம். ஒருவன் தன் முயற்சியால் ஈட்டிய பொருள் தேட்டம். தேட்டத்தை ஈட்டியவன் தான் விரும்பியவாறு வழங்கல் கூடும். முதுசொமோ அத்தகையதன்று, அது குடியின் பொருள். அதனை வைத்திருந்த ஆண்மகன் இறந்தால், அது அவனுடைய மக்களைச் சேராது, சகோதரியின் மக்களாகிய மருமக்களைச் சேரும். மலையாள நாட்டு மருமக்கட்டாயத்தை அறிந்தார்க்கு இது புதிதன்று. புறத்தேயிருந்து நோக்கிய ஆங்கில நீதிபதிகளுக்கு, பெற்ற மகன் நிற்க மருமகன் முதுசொம் கொள்வது முறைகேடாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் இவ்வழமையைத் தந்தைவழிக் கணக்கால் அளப்பது, வாவியின் ஆழத்தை வயல் அளக்கும் கயிற்றால் அளப்பது போலாகும். மகன் வேறு குடியினன். அவனுக்குரியது அவனுடைய அம்மானிடமிருந்து வரும். கணக்கு எங்கும் தவறவில்லை.

இவ்வழமையை நூலாக்கியவர் கிறிஸ்தோபர் பிரிற்றோ என்னும் சட்ட அறிஞர். யாழ்ப்பாண வைபவமாலையை 1879இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவரும் இவரே. முக்குவர் சட்டம் பற்றிய இவரது ஆங்கில நூல் 1876இல் கொழும்பில் அச்சாயிற்று. அதே 1876ஆம் ஆண்டில் 15ஆம் இலக்க விவாக உரிமை வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் நிறைவேறிற்று. இச்சட்டம் எவரெவரைக் கட்டுப்படுத்தாது என்று அதன் தொடக்கத்திலேயே கூறப்பெற்றுள்ளது. கண்டியர் விலக்கப்பெற்றனர், முஸ்லிம்கள் விலக்கப்பெற்றனர், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் விலக்கப்பெற்றனர். மட்டக்களப்புத் தமிழர் பெயர் அவ்வரிசையில் இல்லை. ஆகவே அன்று முதல் அவர்தம் வழியுரிமை பொதுச்சட்டத்துக்குள் அடங்கிற்று. பிரிற்றோவின் நூல் நடைமுறைக்கு வழிகாட்டும் நூலாதற்குப் பிறந்து, பிறந்த ஆண்டிலேயே வரலாற்று நூலாகிவிட்டது.

விலக்குப்பெற்ற மூன்று கூட்டத்தாரின் சட்டங்களையும் ஒருங்குவைத்து நோக்கினால் ஓருண்மை புலனாகும். மூன்றும் எழுத்திலே இருந்தன. சட்டம் ஆக்குவோர் மேசையில் எடுத்துவைத்துக் காட்டத்தக்க ஏடுகள் அவற்றுக்கு இருந்தன. மட்டக்களப்பு வழமைக்கு அத்தகைய ஏடு 1876 வரை இல்லை. வேறு காரணங்களும் இருந்திருத்தல் கூடும்: தேட்டம் பெருகப்பெருக முதுசொம் சுருங்கியது, மகளுக்குச் சீதனமாக வீடும் வயலும் எழுதும் வழக்கம் வலுத்தது, நீதிபதிகளின் வெறுப்பும் ஒருபால் நின்றது. ஆயினும் 1707இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த தொகுப்புப்பணி போன்றதொன்று புளியந்தீவிலும் நிகழ்ந்திருப்பின், 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் நான்காவது பெயரொன்றும் ஏறியிருக்கும் என்பதே எம் கருத்து. நூல் இல்லாமையால் ஒரு நாட்டார் தம் சட்டத்தை இழந்தனர் என்று கூறின் அது மிகைக்கூற்றாகாது.

இனி, சட்டநூல் என எவரும் கருதாதனவும், ஆயின் இப்பேழையில் இருந்தே தீரவேண்டியனவுமாகிய நூல்கள் சில உள. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம், குடிமரபையும் கோயிலுரிமையையும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெனிஸ் மக்கில்வ்றேயின் 2008ஆம் ஆண்டு நூல் என்பன அவை. இவற்றினும் முதன்மையாகக் கொள்ளத்தக்கது, வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை என்னும் பாடல்நூல்.

தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகையம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது இந்நூல் முறையாகப் பாடப்பெறும். ஈற்றிலே அம்மனின் சினம் தணியத் திருக்குளிர்த்தி நிகழும். பக்தி நூலாகவே இதனை யாவரும் போற்றுவர். ஆயின் இதன் பெயரை உற்றுநோக்குக. வழக்குரை என்பது மன்றிலே வழக்கை எடுத்துரைத்தல். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, எதிரியின் வாய்மொழி கேளாது, சான்றுப்பொருளை ஆராயாது, அரசன் கொலைத்தண்டனை விதித்தான். தண்டனை நிறைவேறிய பின்னர், சிலம்பையே சான்றாகக் கொண்டு ஒரு பெண் அத்தீர்ப்பின் பிழையை அவன் அவையிலேயே நிறுவினாள். விசாரணையின்றித் தண்டித்தல் அரசனுக்கும் ஆகாத குற்றம் என்னும் கோட்பாட்டை, எழுத்தறியாத முதியோரும் சிறுவரும் ஆண்டுதோறும் இரவிரவாகக் கேட்டுவந்தனர். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் இயற்றப்பெற்றது. வாவிக்கரையார்க்கு அதன் அடிப்படை அதற்கு முன்னரே பாட்டில் வந்துவிட்டது.

மக்களின் வழக்காறு நீதிமன்றத்தினுள்ளே நுழைந்த ஒரு சிறுவாயிலையும் ஈண்டுச் சுட்டலாம். 1895ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பெற்ற சத்தியப்பிரமாணக் கட்டளைச் சட்டம், வழக்காளி ஒருவன் தன் எதிரியைக் கோயிலிலே சத்தியம் செய்யுமாறு கேட்கவும், எதிரி உடன்பட்டுச் சத்தியம் செய்தால் அதனை முடிந்த சான்றாகக் கொள்ளவும் இடங்கொடுத்தது. நீதிபதியின் முன் பொய் சொல்லத் துணிந்தவனும் அம்மன் வாசலிலே நாத்தழுதழுப்பான் என்பதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர் போலும்.

தனியொருவர் சேர்த்த நூல்கள் ஒரு நாட்டுக்கே பயன்பட்டமைக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டுகள் உள. மறைமலையடிகள் சேர்த்தவை 1958இல் சென்னையில் பொது நூல்நிலையமாயின. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் அவையும் சென்னையில் நூலகமாக அமைந்தன. நம் நாட்டிலோ 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மட்டக்களப்பு 1978ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளியில் கூரை இழந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலையில் கடலோர ஊர்களை இழந்தது. ஏட்டுக்கும் தாளுக்கும் நீர் தீயினும் கொடிது.

ஆதலின் இப்பேழையை அமைக்கும் அறிஞன் அச்சுநூலோடு நின்றுவிடலாகாது. வீட்டுப் பெட்டகங்களிலே மடித்து வைக்கப்பெற்றிருக்கும் பழைய காணி உறுதிகளையும், கோயில்களிலுள்ள குடிமுறைக் குறிப்புகளையும் உரியோர் இசைவோடு படியெடுத்தல் வேண்டும். 1876க்குப் பின்னரும் வாவிக்கரையிலே மகளுக்கே வீடு எழுதப்படுகின்றது. மணமகன் பெண்வீட்டுக்கே வந்து குடியமர்கின்றான். நொத்தாரிசு எழுதும் உறுதியில் அது பொதுச்சட்டத்தின்கீழ் நன்கொடை எனப் பெயர்பெறும். அதிற் கையொப்பமிடும் தாயோ அதனைத் தன் தாய் தனக்குத் தந்த சீதனவீடு என்றே சொல்லுவாள்.