அரசுச் சமயமும் வழிபாட்டுரிமையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

முன்னுரை

அரசு ஒரு சமயத்தைத் தனதாக ஏற்ற நாட்டில் குடிமக்களின் சமய உரிமை எத்தகையது என்னும் வினாவிற்குக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு இரு விடைகளை அருகருகே தருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த கம்பம், கூடலூர் மக்கள் ஏலத்தோட்ட வேலைக்காகக் குமுளி மலைப்பாதையில் ஏறியபோது, ஓர் அரசுச் சமயத்தின் எல்லையிலிருந்து மற்றோர் அரசுச் சமயத்தின் எல்லைக்குள் புகுந்தனர்.

இரு அரசுகள்

மலைக்கு மேற்கே திருவிதாங்கூர் இருந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அதன்பின் மன்னர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயரில் ஆண்டனர். கிழக்கே இங்கிலாந்துத் திருச்சபை அரசுத் திருச்சபையாக இயங்கியது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டப்படி கல்கத்தாவிலும், 1835இல் சென்னையிலும் ஆயர் பதவிகள் ஏற்பட்டன. அவற்றிற்கான ஊதியம் இந்திய வருவாயிலிருந்து வழங்கப்பட்டது. இச்சட்டத் தொடர்பு 1930இல்தான் முறிந்தது.

எனினும் அரசுத் திருச்சபை பிறரைத் தடுத்துவிடவில்லை. மாசாசூசெட்ஸ் மாநிலம் தன் அரசுத் திருச்சபை முறையை 1833இல் கைவிட்டது. மறு ஆண்டே அந்நாட்டுச் சபையினர் மதுரையில் பணி தொடங்கினர். பெரியகுளம் அவர்களது நிலையங்களுள் ஒன்றாயிற்று.

நடுநிலையின் எல்லை

1858ஆம் ஆண்டு அரசியாரின் அறிக்கை, சமய நம்பிக்கை காரணமாக எவரும் துன்புறுத்தப்படார் என உறுதியளித்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு கோயில் நிருவாகத்திலிருந்து விலகியது. இவ்விலகல் வழக்காற்றின் கையில் அதிகாரத்தை விட்டது. அன்று மதுரை மாவட்டத்திலிருந்த கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்தது தொடர்பான வழக்கில், பிரிவி கவுன்சில் 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம்பிக்கைக்குக் காப்பு கிடைத்தது. அந்நம்பிக்கையின் சன்னதியில் நிற்கும் உரிமை கிடைக்கவில்லை.

திருவிதாங்கூரிலோ, வைக்கம் போராட்டம் உள்ளிட்ட நெடுங்கால எதிர்ப்பிற்குப் பின் 1936 நவம்பர் 12 அன்று அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939 ஜூலை 8 அன்று திறந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல் வந்தது.

முடிவுரை

மன்னரின் ஆணை கதவுகளைத் திறந்தது என்பதனால் அரசுச் சமயம் உரிமைக்கு உகந்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது. அக்கதவுகளை அதுவரை அடைத்துவைத்திருந்ததும் அதே அரசுதான். தலையிடாமை மட்டுமே உரிமையாகாது என்பதையும் இப்பள்ளத்தாக்கின் வரலாறு உணர்த்துகிறது. 1950ஆம் ஆண்டு அரசமைப்பு, சமய உரிமையோடு தீண்டாமை ஒழிப்பையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்ததன் தேவையை இப்பின்னணியில் காணலாம்.