காற்றும் காலமும் சுமந்த சரக்கு

‘மான்சூன்’ என்று ஆங்கிலேயர் வழங்கும் சொல்லின் வேர், ‘மவ்ஸிம்’ என்னும் அறபுச் சொல்லாகும். பருவம், குறித்த காலம் என்பது அதன் பொருள். கடலோடிய அறபிகள் காற்றைக் காலத்தோடு சேர்த்தே எண்ணினர். இந்துமாக்கடல் வணிகத்தின் வரலாறே இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

இன்று மனிதச் செயல்களால் விண்ணிற் கலக்கும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களிலிருந்து வெளியாகிறது. 2050ஆம் ஆண்டளவில் இதனை நிகர அளவில் இல்லாதாக்க வேண்டுமென, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வகுத்தது. இந்நிலையில், புகையின்றிச் சரக்கேற்றிய முன்னோரின் முறையை ஆராய்வது வெறும் பழம்பெருமை பேசுவதாகாது.

ஒரு மரத்துக் கப்பல்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அபூஸைத் அஸ்ஸீராஃபீ வியத்தகு செய்தியொன்றைத் தருகிறார். உமான் நாட்டவர் தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வர். தென்னையை வெட்டி உலர்த்திப் பலகையாக அறுப்பர். அதன் நாரைத் திரித்து அப்பலகைகளைத் தைப்பர். பாய்மரமும் தென்னையே, பாயும் அதன் ஓலையே, கயிறும் அதன் நாரே. இவ்வாறு அமைந்த கப்பலில் தேங்காயை ஏற்றிக்கொண்டு உமானுக்குத் திரும்பி விற்பர். கப்பலும் சரக்கும் ஒரே மரத்தின் கொடை! காற்றோ விலையின்றிக் கிடைத்தது.

ஆனால் அக்காற்று மனிதனின் அவசரத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் வீசும்போது இந்தியாவின் மேற்குக்கரைத் துறைகள் ஓய்ந்துவிடும். புறப்படும் நாளைத் தவறவிட்டவன் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். ஆகவேதான் பதினைந்தாம் நூற்றாண்டின் கடல்நூல் வல்லுநர் இப்னு மாஜித், விண்மீன்களோடு பயணப் பருவங்களையும் விரிவாக எழுதினார். போகும்போது ஒரு சரக்கு, திரும்பும்போது மறு சரக்கு என்பது இவ்வணிகத்தின் வழக்கம். 1938-39இல் குவைத் நாட்டுப் பாய்க்கப்பலொன்றில் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ், பஸராவின் பேரீச்சம்பழம் கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்றதையும், அங்கிருந்து அலையாத்தி மரக்கழிகள் வந்ததையும் பதிவு செய்துள்ளார்.

மறுபக்கம்

எனினும் உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. 1183இல் ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், செங்கடலின் ஐதாப் துறையில் ஆணியின்றித் தைக்கப்பட்ட கப்பல்களைக் கண்டார். அவற்றின் உரிமையாளர், பயணிகளைக் கூண்டுக் கோழிகளைப் போல் திணித்து, ஒரே பயணத்தில் கப்பலின் விலையை ஈட்ட முயன்றதையும் கண்டு வருந்தினார். நமது காயல் துறைக்குக் கடல்கடந்து வந்த குதிரைகளின் கதையும் இத்தகையதே. அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லாமையால் பெரும்பாலானவை மடிந்தன என்றும், மீண்டும் மீண்டும் விற்கலாம் என்பதனால் அத்தகையோர் இங்கு வருவதை வணிகரே தடுத்தனர் என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். காற்றால் வந்தது என்பதனாலேயே ஒரு வணிகம் தூயதாகிவிடாது.

காத்திருக்க மறுத்த காலம்

1839இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றி, நீராவிக் கப்பல்களுக்கான நிலக்கரித் துறையாக்கினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. காலத்தை மனிதன் வென்றான். அதற்கான விலையைப் புகையாகச் செலுத்தினான். தொலைதூர நிலக்கரித் துறைகளுக்குரிய கரியை நெடுங்காலம் பாய்க்கப்பல்களே சுமந்து சென்றன என்பது நகைப்புக்குரிய முரண்!

இன்று சக்கரம் திரும்புகிறது. கப்பலின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்பது பொறியியல் கணக்கு. 2023இல் ‘பிக்ஸிஸ் ஓஷன்’ என்னும் சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரு விறைப்பான பாய்களுடன் கடலோடியது. காற்று மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டுள்ளது.

ஆனால் காற்றை மட்டும் அழைத்தாற் போதுமா? மவ்ஸிம் என்ற சொல் காலத்தையும் குறிக்குமன்றோ! இன்று கேட்ட பொருள் நாளையே வாயிலுக்கு வரவேண்டுமென வாங்குவோன் விரும்பும்வரை, விற்போன் புகையைக் குறைப்பது அரிது. பொறுமையும் நேர்மையும் வணிகனின் முதலென்பதை அக்கடல் முன்பே உணர்த்திவிட்டது. பாயைத் திரும்பப் பெற்ற நாம், பொறுமையையும் திரும்பப் பெறுவோமாக.