உள்நாட்டுப் போரும் ஒரு பென்னி ஏடுகளும்

1641 ஜூலையில், அச்சுக் கட்டுப்பாட்டை அமல்படுத்திவந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் இங்கிலாந்தின் அச்சகங்கள் மீதிருந்த அரசுப் பிடி தளர்ந்தது. அந்த நவம்பரிலேயே நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் சொல்லும் வார ஏடு லண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபின், இத்தகைய ஏடுகளில் அதிகம் விலைபோன சரக்கு போர்ச் செய்திதான். ஒரே தாளை மடித்த எட்டுப் பக்கங்கள்; விலை பெரும்பாலும் ஒரு பென்னி. தெருக்களில் கூவி விற்றவர்களில் பெண்களும் இருந்தனர்.

களத்துச் செய்தி பெரும்பாலும் கடிதமாகவே வந்து சேர்ந்தது. படைத்தலைவர்களும் அவர்களுடைய செயலர்களும் எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டு, அவையின் ஆணைப்படி அச்சேறின. அச்சேறும்போது கத்தரியும் விழுந்தது. 1645 ஜூன் 14 அன்று நேஸ்பியில் வென்ற கையோடு நாடாளுமன்றப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் சபாநாயகர் வில்லியம் லெந்தாலுக்குக் கடிதம் எழுதினார். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் மனச்சாட்சிக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அதன் முடிவில் கேட்டிருந்தார். மக்களவை அச்சிட்ட பிரதியில் அந்தப் பகுதி இல்லை. வெற்றி இனித்தது; வென்றவரின் கோரிக்கை கசந்தது.

மன்னர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1643 ஜனவரியில் மன்னரின் தலைமையிடமான ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ‘மெர்க்குரியஸ் ஆலிகஸ்’ கிளம்பியது. பீட்டர் ஹெய்லின் தொடங்கிய அதற்குக் கூர்மை ஏற்றியவர் ஜான் பெர்க்கன்ஹெட். எதிரியின் தோல்வியோடு எதிரி ஏடுகளின் பொய்களையும் அது ஏளனம் செய்தது. பிரதிகள் கள்ளத்தனமாக லண்டனுக்குப் போயின. பதிலடியாக ஆகஸ்டில் ‘மெர்க்குரியஸ் பிரிட்டானிகஸ்’ தோன்றியது. அதில் எழுதிய மார்ச்சமான்ட் நெட்ஹம் பின்னர் மன்னர் பக்கம் சாய்ந்தார். மன்னராட்சி வீழ்ந்தபின், 1650இல் குடியரசின் ஏட்டை நடத்தினார். பேனா கூலிக்குக் கிடைத்த காலம் அது.

அவசரமும் பொய்க்குத் துணைபோனது. 1644 ஜூலையில் மார்ஸ்டன் மூரில் மன்னர் படை தோற்றது. ஆக்ஸ்ஃபோர்டை முதலில் எட்டியதோ வெற்றிச் செய்தி. ஊரே தீமூட்டிக் கொண்டாடியபின்தான் உண்மை வந்தது. நேஸ்பியில் பிடிபட்ட மன்னரின் அந்தரங்கக் கடிதங்களை நாடாளுமன்றத் தரப்பு நூலாக வெளியிட்டபோது நிலைமை வேறு. அயர்லாந்துக் கத்தோலிக்கரிடமும் அயல்நாடுகளிலும் அவர் படை தேடியதற்கு அவருடைய கையெழுத்தே சாட்சியானது. எந்த வசைக் கட்டுரையும் செய்யாத சேதத்தை அது செய்தது.

அன்றன்றைக்குப் படித்து எறியப்பட்ட இந்த ஏடுகள் இன்று கிடைப்பதற்கு லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசனே முக்கியக் காரணம். 1640 முதல் 1661 வரை ஏறத்தாழ 22,000 வெளியீடுகளைச் சேர்த்த அவர், பலவற்றில் தேதியையும் தம் கையால் குறித்தார். அத்தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.