ஜெபத்தில் தாங்குகிறவர்கள்

என் டீமில் ஒரு அண்ணன் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம், எனக்குப் பத்து வயசு மூத்தவர். பகலில் டேட்டாபேஸ், ராத்திரியில் சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை. எழுத உட்காரும் முன்பு வாட்ஸப் குழுவில் ஒரு ஜெபக்குறிப்பு போடுவார்: "இந்த வாரம் எழுதணும், ஜெபத்தில் தாங்குங்க." நாற்பது பேர் 'ஆமென்' போடுவார்கள்.

எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு கண். தாங்குதல். டெல்டா சாலைகளில் இன்னமும் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கிறது. தலைச்சுமையை இறக்கி வைக்கலாம், மறுபடி யார் உதவியும் இல்லாமல் தூக்கிக்கொள்ளலாம். ஒரு எழுத்தாளனை ஜெபம் அப்படித் தாங்குமா? தாங்குகிறவர்கள் பதிலுக்கு எதையாவது கேட்பார்களா? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தால், காவிரி கடலில் கலக்கும் பகுதியிலேயே 300 வருஷத்துக்கு முந்தைய ஒரு கேஸ் கிடைக்கிறது.

தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார் சீகன்பால்கு. அப்போது வயது 24. அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் கடைசிவரை அவரைத் தாங்கியது ஜெர்மனியின் ஹாலே நகரம்.

ஹாலேயில் ஃபிராங்கே என்ற பேராசிரியர், உண்டியலில் விழுந்த சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்திருந்தார். தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் அங்கிருந்து அச்சிட்டு வெளியிட்டார்கள். முகம் தெரியாத ஊரில் நடக்கிற வேலைக்காக அதை வாசித்தவர்கள் ஜெபித்தார்கள், பணமும் அனுப்பினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் சந்தாதாரர்கள். கடிதம் போனால் ஜெபம், ஜெபத்தோடு காசு, காசோடு காகிதம்.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. 1712இல் லண்டனின் கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயிலேயே வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் தின்றன. எனவே சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சாகி முடிந்தது. கோட்டைத் தளபதியோடு மோதி சீகன்பால்கு நாலு மாசம் சிறையில் இருந்த காலமும் இதற்கு நடுவில் வருகிறது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாத ஒருவர் இவ்வளவையும் செய்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் இதே மனுஷன் வேறு சில புத்தகங்களும் எழுதினார். வந்த புதிதில் ஒரு திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரச் செய்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர் அவர். 1708க்குள் 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். அதே வருஷம் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1711இல் தமிழர் சமயம் பற்றி விரிவாக ஒரு நூல், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி இன்னொன்று.

தெய்வங்களைப் பற்றிய கைப்பிரதி ஹாலே போனது. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற பொருளில் ஃபிராங்கே பதில் சொன்னதாக மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. அந்தப் புத்தகம் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. 1711 நூல் 1926இலும், நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930இலும் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. அவரோ 1719 பிப்ரவரியிலேயே, 36 வயதில் போய்விட்டார்.

ஹாலே எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது என்று சொன்னால் அது நியாயமில்லை. தமிழர்கள் மிஷனரிகளுக்கு எழுதிய கடிதங்களை 1714இலும் 1717இலும் அவர்கள்தான் ஜெர்மனில் அச்சிட்டார்கள். ஆனாலும் கணக்கு புரிகிறது. ஜெபிப்பவருக்கு எது ஜெபக்குறிப்பாகத் தெரிகிறதோ அது அச்சாகிறது. 'இவர்களிடமும் நல்ல நீதிநூல் இருக்கிறது' என்பதை வைத்து அங்கே யார் முழங்காலிடுவார்கள்?

இன்னொரு கணக்கும் விடுபட்டுப் போகிறது. அந்த 119 நூல்களைத் தேடிக் கொடுத்தவர்கள், ஏட்டைப் படித்துக் காட்டியவர்கள், அர்த்தம் சொன்ன வயசான வாத்தியார். இவர்களில் பெரும்பாலோர் அந்த ஜெபத்தை ஜெபித்தவர்கள் இல்லை. அவர்களும் தாங்கியவர்கள்தான்.

போன டிசம்பரில் தரங்கம்பாடி போயிருந்தேன். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேதான் சீகன்பால்கு கல்லறை. அங்கிருந்து அண்ணனுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டு ராத்திரி போன் பண்ணினேன். 1713 புத்தகத்தின் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, எங்க ஊர்ல கல்லறைத் தோட்டம் ரெண்டு இருக்கு. ஒரே சபைதான், நடுவுல சுவரு. அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு மட்டும் நான் ஜெபக்குறிப்பு போடல."

"ஏண்ணே?"

"நாற்பது பேர்ல எத்தனை பேரு ஆமென் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் என்ன சொல்ல? சீகன்பால்குவின் 1711 நூல் அவர் காலத்தில் அச்சாகவில்லை, அப்படியும் 1713இல் அடுத்ததை எழுதி முடித்தார் என்று மட்டும் சொன்னேன்.

"அதை எனக்கு அனுப்புங்கண்ணே, நான் படிக்கிறேன்."

"நீ ஜெபம் பண்ண மாட்டியேடா" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் ஃபைல் வந்திருந்தது. பதினொரு பக்கம்.